ஹியூபர்ட் அங்கிள் பிடித்த ட்ரவுட்

நான் கட்ட ஆசைப்பட்ட மிஷெலின் அப்பா ஹியூபர்ட் அங்கிள் என்னை மீன் பிடிக்கக் கூப்பிட்டபோது நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்திருந்தால், தூண்டிலோடு பிறந்தவன் என்றே நினைத்திருப்பீர்கள். என் அப்பாவும் சித்தப்பாமாரும் மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டுப் பிழைப்பவர்கள் என்பது உண்மைதான். எனக்கோ வாவியில் சிற்றலை அடித்தாலே வயிற்றைப் புரட்டும். அதனால்தான் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில், ஆடாத கதிரையாகப் பார்த்து உட்கார்ந்து, ஊராரின் மூக்குக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கிள் பறங்கியர், ஐரோப்பிய வழிவந்த கிறிஸ்தவர். கராஜ் நடத்தி ஓய்ந்தவர். கோயிலுக்குப் போகிற பையனுக்குத் தன் மகளைக் கொடுப்பாரா என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“மதுரன், நீ மீன் பிடிப்பியா?”

“எங்கட குடும்பமே மீன்தானே அங்கிள்,” என்றேன். வாய் இருக்கிறதே, அது எனக்கு எப்போதும் எதிரி.

“அப்ப என்னோட நுவரெலியாவுக்கு வா. மலை ஓடையில ட்ரவுட் மீன் பிடிப்பம். திரும்பி வந்துதான் கலியாணத்துக்குப் பதில் சொல்லுவன். தண்ணிக்குள்ள நிண்டாத்தான் ஒரு ஆளத் தெரியும்.”

அன்றிலிருந்து கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈயைத் தூண்டிலில் வீசுகிறார்கள். மீன் அகப்படுகிறது. அதைக் குழந்தைபோல் ஏந்தி, படம் எடுத்து, பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்! எங்கள் வீட்டில் ஒருவன் பிடித்த மீனை விட்டானென்றால் பேய் பிடித்துவிட்டதென்று அவனுக்கு நூல் கட்டத்தான் கூட்டிப்போவார்கள். ஆனால் பெரிய மனிதர்களின் மீன்பிடி இதுதான் என்று விளங்கிக்கொண்டேன். வாவிக்கரைப் பட்டிக்காட்டான் என்று அங்கிள் நினைத்துவிடக் கூடாதே.

அவருடைய பழைய வேன் மலையேறி, நாங்கள் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது, நான் இரண்டு சுவெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டிருந்தேன். ஓடை எங்கள் ஊர் வாய்க்காலைவிட அகலமில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிந்தது. காலை வைத்தால் எலும்புக்குள் ஊசி ஏறியது.

முதல் வேலையாக நான் தூண்டில் தடியால் தண்ணீரில் ஓங்கி அடித்தேன். ஓரத்துக் கல்லிலும் தட்டினேன். எங்கள் ஆட்கள் தோணியில் தட்டித்தான் மணலை மீனை வலைக்குள் ஓட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே மீன்பிடி வித்தை அது. நிழல்போல நின்ற நாலைந்து ட்ரவுட்டுகள் கண்ணிமைப்பதற்குள் காணாமல் போயின.

“டேய்! என்ன செய்றாய்?”

“மீனக் கலைக்கிறன் அங்கிள்.”

“வலை எங்க?”

வலை இல்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அங்கிள் ஒரு பெருமூச்சு விட்டார். என்னை வெகு தூரம் கீழே ஒரு பாறையில் உட்கார வைத்து, அசையாதே என்றுவிட்டு மேலே போனார். கலியாணம் அந்தத் தண்ணீரோடேயே போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் கழிந்து, “மதுரன்! ஓடி வா! ஓடி வா!” என்று குரல் கேட்டது. ஓடினேன். அங்கிளின் தடி வில்லாய் வளைந்து நின்றது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் துள்ளியது. வெள்ளி உடம்பு, பக்கத்தில் ரோசாக் கோடு. அவர் சுற்றினார், விட்டுக்கொடுத்தார், வழுக்கினார், எழுந்தார், கடைசியில் கையால் அள்ளித் தூக்கினார். முகம் பத்து வயதுப் பையனின் முகமாக இருந்தது.

“பிடி, பிடி! ஃபோன் கரையில கிடக்கு, படம் எடுக்கணும். பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாறன்.”

மீனை என் கையில் தந்துவிட்டுக் கரைக்கு ஓடினார். பெட்டி என்றால் சாண்ட்விச்சும் சோடாவும் இருக்கிற பெட்டி என்று நினைத்தேன். மீனோ வாயைத் திறந்து திறந்து மூடியது. செத்துவிட்டால்? இவ்வளவு பெரிய மனிதரின் மீனைச் சாகவிட்ட காட்டான் ஆகிவிடுவேனே. வீடியோக்காரன் சொன்னது போலவே முழங்காலில் நின்றேன். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். “போ, ராசா,” என்று வேறு சொன்னேன். அது போனது.

எழுந்து திரும்பி, பெருமையோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அங்கிள் ஒரு கையில் ஃபோனும் மறு கையில் ஐஸ் பெட்டியுமாக நின்றார். பெட்டி திறந்திருந்தது. உள்ளே ஐஸ் மட்டும்தான் இருந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

“ஒரு மீன் கொண்டு போகலாம் தம்பி. அதுக்குத்தானே பெர்மிட் எடுத்துக் காசு கட்டினனான்,” என்றார். பெட்டியை மூடிக்கொண்டே, “வருசா வருசம் என்ட மனிசி பேர்னிஸுக்கு ஒண்டு கொண்டு போறனான். எல்லாம் மீன் பண்ணையில வாங்கினது. நான் பிடிச்ச முதல் மீன் இதுதான்,” என்றார்.

எனக்கு அந்த ஓடையிலேயே மூழ்கிச் சாக வேண்டும் போலிருந்தது. அதற்கும் தண்ணீர் முழங்கால் அளவுதான்.

வரும் வழியில் பண்ணையில் ஒரு ட்ரவுட் வாங்கினோம். அதோடு மட்டக்களப்பில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பேர்னிஸ் அன்ரி அதைப் பொரித்து மேசையில் வைத்தார். மிஷெல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பிடிச்சதுதானே?” என்று அன்ரி கேட்டார்.

“ஓம். இல்ல. பிடிச்சனான். ஆனா இது அது இல்ல,” என்றார் அங்கிள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அன்ரி, அங்கிள் மெய்யாவே பிடிச்சவர். என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். நான்தான் அதத் தண்ணியில விட்டுட்டன்.”

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “இந்த முறை சாட்சிக்கும் ஆள் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாரே! பண்ணைத் தொட்டியில வளந்த மீனுக்கு வால் தேஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? வருசா வருசம் தேஞ்ச வாலத்தான் கழுவுறன். பாவம் மனிசன், சந்தோசமா வாறாரே எண்டு பறையாம இருந்தன்.”

“கடவுள் சத்தியமா அன்ரி!” என்றேன்.

“சத்தியம் வேறயா! நல்ல புள்ள மனே நீ. மாமனாருக்காக முகம் மாறாம இப்பிடிப் பொய் சொல்ற மருமகன் எங்க கிடைப்பான்?” என்று பெரிய துண்டொன்றை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். “நத்தார் பெருநாள் முடியக் கலியாணத்துக்கு நாள் பாப்பம்.”

மிஷெல் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். வாழ்க்கையில் அன்றுதான் நான் முழு உண்மை பேசினேன். பொய்யன் என்று நம்பி எனக்குப் பெண் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் துள்ள வேண்டிய நான் தலை குனிந்திருந்தேன். எதிரே அங்கிள் மீனைத் தொடவேயில்லை.

புறப்படும்போது அவர் கேற் வரை கூட வந்தார். கேற்றைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ கண்டாய்தானே?”

“கண்டன் அங்கிள்.”

“எப்பிடித் துள்ளினது?”

சொன்னேன். தண்ணீரைக் கிழித்ததை, ரோசாக் கோட்டை, அவர் வழுக்கி எழுந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னொருக்காச் சொல்லு மகன்,” என்றார்.