குப்பாயி என்கிற சம்யுக்தா

என் மகள் மூச்சு விட மறந்துவிடுகிறாள் என்று டாக்டர் சொன்னார். குடையை மறந்துவிட்டு வருவதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"குறை மாசத்துல பொறந்தா அப்படித்தாம்மா. மூச்சு நின்னா மெஷின் கத்தும். நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டி விடுவாங்க. மறுபடி ஆரம்பிச்சுடுவா."

"சுண்டியும் ஆரம்பிக்கலைன்னா?"

அவர் அடுத்த குழந்தையின் இன்குபேட்டர் பெட்டிக்குப் போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். என் வாய் அப்படிப்பட்டது.

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில் நான் நடக்காத இடம் பாக்கியில்லை. உட்கார்ந்தால் தையல் இழுக்கும். நின்றால் இடுப்பு விட்டுப்போகும். படுத்தால் காது மட்டும் எழுந்துகொண்டு மெஷின் கத்துகிறதா என்று கேட்கும். கண்ணாடிக்கு உள்ளே வரிசையாகப் பெட்டிகள். எது கத்தினாலும் என் பெட்டிதான் என்று ஓடுவேன். "ஒரு எடத்துல உக்காரும்மா, பாக்கற எனக்கே தலை சுத்துது" என்று செக்யூரிட்டி அம்மா சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

என் அம்மா சென்னியம்மாள் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, நான் கடந்து போகும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே அடிச்சுக்கிட்டேன், பேர மாத்தாதன்னு. என்ற பேச்ச எப்பக் கேட்ட நீ?"

என் பேர் சம்யுக்தா. அரசிதழில் அச்சான பேர். அதற்கு முன்பு குப்பாயி.

எங்கள் எடப்பாடிப் பக்கம் வயசான குப்பாயிகளுக்குப் பஞ்சமே இல்லை. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, தவிட்டாயி எல்லாம் ஒரே குடும்பத்துப் பேர்கள்தான். சந்தையில் தேங்காய்க் கடை வைத்திருந்த பாய்க்கும் பிச்சை என்றுதான் பேர். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் கொண்டுபோய் போட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேறு வீட்டுக்காரி ஒருத்தி எடுத்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கூவுவாள். பெற்றவள் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையையே விலைக்கு வாங்கிக்கொள்வாள். ஆசையாகப் பேர் வைத்தால் எமனுக்கும் ஆசை வரும், குப்பை என்றால் அவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவான். இதுதான் கணக்கு. எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் தவழக்கூட இல்லை. நான் மாட்டுச் சாணத்தின் மேல் கிடந்து, அடுத்த தெரு முத்தாயம்மாள் கையால் எடுக்கப்பட்டு, தவிட்டுக்கு வாங்கப்பட்டவள். இன்றுவரை ஒரு காய்ச்சல் என்று படுத்ததில்லை.

எல்லாம் சரிதான். ஆனால் மற்றக் குப்பாயிகள் குப்பாயிகளோடு சேர்ந்து வளர்ந்தார்கள். நான் ஹரிணிகளோடும் மோனிஷாக்களோடும் படித்தேன். பேர் வாசிக்கும்போது டீச்சரே உதட்டைக் கடித்துக்கொள்வார். கல்லூரியில் முதல் நாள் பேர் சொல்லச் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து வந்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கும். பள்ளிபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாகப் பேரை மாற்றினேன். அம்மா அன்று சாப்பிடவில்லை. புதுப் பேர் அவள் வாயில் நுழையவும் இல்லை. "சம்முத்தா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பழைய பேருக்கே போய்விட்டாள்.

பிறகு கல்யாணம். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி ஓட்டுகிற காளிதாசோடு. முதல் குழந்தை ஆறாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிவிட்டது. இரண்டாவது ஒரு பகல் மட்டும் இருந்தது. அந்த இரண்டுக்கும் நாங்கள் பேர் யோசித்து வைத்திருந்தோம். போனில் தேடி, அர்த்தம் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்து, சண்டை போட்டு. இந்த முறை நானும் அவரும் பேர்ப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் சத்தீஸ்கரில் எங்கோ போர் போட்டுக்கொண்டிருக்கிறார். சிக்னல் கிடைக்கிற போதெல்லாம் கூப்பிட்டு, "மூச்சு உடறாளா?" என்று மட்டும் கேட்பார்.

பேரை மாற்றியதால்தான் பிள்ளைகள் போனார்கள் என்று அம்மா நேராக ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாமல் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. டாக்டர்கள் காரணம் சொன்னார்கள், ஸ்கேனில் காட்டினார்கள். புரிந்தது என்று தலையாட்டினேன். இருந்தாலும் சொல்கிறேன், இரண்டாவதை எடுத்துக்கொண்டு போன அன்று ராத்திரி, என் பழைய பேரை எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

வராந்தாவில் எனக்குத் துணை ஜோஸ்லின். சேலம் டவுன்காரி, என்னைவிடச் சின்னவள். அவள் பையனும் குறைமாதம்தான், என் மகளுக்கு அடுத்த பெட்டி. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே பேசுவாள். நடுவில் பேச்சை நிறுத்தினால் ஒரு மணி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் பேர்க் கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

"உங்க பேருக்கு அர்த்தமாச்சும் இருக்குக்கா. எனக்கு அதுவுமில்ல. எங்கப்பா வேலை செஞ்ச எடத்துல மொதலாளி பொண்ணு பேராம். அதுக்கு என்ன அர்த்தம்னு அப்பாவுக்கும் தெரியாது."

"பையனுக்கு?"

"ஜோஸ்வா. ஞானஸ்நானத்துக்கு அதுதான்னு வயித்துல இருக்கும்போதே சொல்லிட்டோம். சொல்லியிருக்கக் கூடாதோன்னு இப்பத் தோணுது" என்றாள்.

அன்று காலையில் மட்டும் மெஷின் எத்தனை தடவை கத்தியது என்று தெரியாது. ஒரு தடவை நர்ஸ் இரண்டு பேர் சேர்ந்து ஓடினார்கள். மத்தியானம் திரும்பிப் பார்த்தால் சுவரோரம் அம்மாவைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். துவைப்பதற்காக நர்ஸ் கொடுத்த குழந்தைத் துணி காலையில் அவள் கையில்தான் இருந்தது, இப்போது இல்லை. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி.

"துணி எங்கம்மா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, புள்ளைத் துணி எங்க?"

"கேண்டீனுக்குப் பின்னால போட்டுட்டு வந்துட்டேன். புள்ளையத்தான் வெளிய உட மாட்டீங்கறாங்க. மேல கெடந்த துணியும் புள்ளையும் ஒண்ணுதான்." அப்போதும் அவள் சுவரிடம்தான் பேசினாள். "ஜேடர்பாளையத்துலிருந்து ராசாத்திய வரச் சொல்லியிருக்கறேன். அவ வந்து எடுத்துருவா."

ராசாத்தி என் பெரியப்பா மகள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, இவள் கேண்டீன் குப்பையில் எமனுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் போன் அடித்தது. ராசாத்தியின் குரல் எனக்கே கேட்டது. "சித்தி, பஸ்ஸு சங்ககிரிகிட்ட நின்னு போச்சு. வேற பஸ்ஸு புடிச்சு வாரேன், நேரமாகும்."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "எடுக்க ஆளில்லாம போனா, குப்பையா நெனச்சு அள்ளிட்டுப் போயிருவாங்களே. ஐயோ, நானே அனுப்பி வெச்சுட்டனே."

"போயி எடுத்துட்டு வந்து தொலையேன்."

"நானும் தொடக் கூடாது, நீயும் தொடக் கூடாது சாமி. பெத்தவ எடுத்தா போட்டது போட்டதாவே ஆகாது. எமனுக்குத் தெரிஞ்சு போயிரும், அவளுக்கு ஆசப் புள்ளைன்னு."

"இரு, இந்தக் கூத்துக்கு நானே முடிவு கட்றேன்" என்று படியில் இறங்கினேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒவ்வொரு படிக்கும் தையல் சுரீர் என்றது. பின்னால் "அக்கா, மெதுவா" என்று ஜோஸ்லின் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கேண்டீனுக்குப் பின்னால் வெயில் காய்ந்தது. வாழை இலை, காகிதக் கப், முட்டைக்கோஸ் தோல், தேங்காய் மட்டை. அதன் உச்சியில் அப்பாவின் வேட்டித் துணி. யாரோ குடித்த டீக் கப் ஒன்று அதன்மேல் விழுந்து கறை ஊறிக்கொண்டிருந்தது. மாநகராட்சி பேட்டரி வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியோடு ஒருவர் இறங்கினார்.

போய்க் கையை நீட்டினேன். எடுத்துவிட்டு, அம்மா முகத்தில் வீசியெறிந்து, எப்படி எடுத்தேன் பார் என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

கை போகவில்லை.

துணிக்கு மேலே, தொடாமல், கை அப்படியே நின்றது. அதில் என் மகளின் பால் வாசனை இருக்கும். ஒரு சாதாரண துணி. இதை எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். எடுத்த பிறகு மேலே மெஷின் கத்தினால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும். பயந்துவிட்டேன். இத்தனை படித்து, இத்தனை வாய் பேசி, அரசிதழில் பேரை அச்சடித்து, கடைசியில் ஒரு குப்பைமேட்டின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, தள்ளும்மா" என்றார் மண்வெட்டிக்காரர்.

"கொஞ்சம் இருங்கண்ணா, இருங்க" என்று குறுக்கே நின்றேன். "ஜோஸ்லின், நீ எடு."

"என்னக்கா? உங்க துணிதானே?"

"எனக்குக் கை படக் கூடாது. நீ எடு. எடுத்துட்டு யாரூட்டுக் குப்பாயி இதுன்னு கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். குனிய முடியாமல் குனிந்து, டீக் கப்பைத் தட்டிவிட்டு, துணியை இரண்டு கையாலும், தலை நிற்காத பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினாள்.

"யார் வீட்டு... குப்பாயி இது?"

"சத்தமாக் கேளு!"

"யார் வீட்டுக் குப்பாயி இது?"

கேண்டீன் ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்த்தன. யார் பார்த்தால் எனக்கென்ன? "எங்க ஊட்டுக் குப்பாயிங்க" என்றேன். என் மகளுக்கு நான் சொன்ன முதல் பேர். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எப்போது வந்தாளோ, அம்மா மூச்சிரைக்கப் பக்கத்தில் நின்று, ஊரிலிருந்தே மடியில் முடிந்து வந்திருந்த தவிட்டை என் கையில் திணித்தாள். நான் அதை ஜோஸ்லினிடம் கொடுத்தேன். அவள் துணியை என் தோளில் போட்டாள். அதைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். டீ வாசனையும் தவிட்டு வாசனையும்தான் அடித்தது.

"போலாமா?" என்றேன்.

ஜோஸ்லின் நகரவில்லை. கையிலிருந்த தவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பையனா இருந்தா என்னன்னு கூப்புடுவீங்க?"

"குப்பன்."

"ஃபாதர்கிட்ட யாரும் சொல்லக் கூடாது" என்றாள். கைப்பையைத் திறந்து, ஒரு எலுமிச்சம்பழத்துக்குத்தான் சரியாக இருக்கும் போலிருந்த நீலக் கம்பளித் தொப்பியை எடுத்தாள். அதை முத்தமிடக் குனிந்தவளை அம்மா தடுத்தாள். "முத்தங் குடுக்காத கண்ணு. வேண்டாம்ங்கற மாதிரி போடு."

ஜோஸ்லினால் அப்படிப் போட முடியவில்லை. வைத்தாள். பிறகு தவிட்டைப் பொத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, வெயிலில் தள்ளிப் போய் நின்றாள்.

மண்வெட்டிக்காரர் மண்வெட்டியைக் கீழே ஊன்றிவிட்டார். நான் தொப்பியை எடுத்தேன். இந்த முறை கை கூசவில்லை. ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் கேட்கும்படி, அவன் பெட்டிக்கும் அதற்கு அடுத்த பெட்டிக்கும் கேட்கும்படி கூவினேன்.

"யாரூட்டுக் குப்பன் இது?"

ஜோஸ்லின் திரும்பி, தவிட்டுக் கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

"எங்களோடதுக்கா. குடுத்துடுங்க" என்றாள். "எங்களுக்கே குடுத்துடுங்க."