குணமான வேலாயி

காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வேலாயிக்கு இனிப்பு நீர் நோய் குணமாகிவிட்டது. செய்தி கைப்பேசியில் வந்தது.

படத்தில் இருந்தது அவள்தான். பின்னால் தேயிலை மேடு, நீல நிறச் சுற்றுலாப் பேருந்து. கை நிறையக் கொழுந்து. கீழே எழுதியிருந்தது: கேமரன் மலை வேலாயி பாட்டி, வயது 82. பச்சைத் தேயிலைக் கொழுந்தை அரைத்து நாற்பது நாள் குடித்தார். இனிப்பு நீர் ஓடிப்போனது. மாத்திரையைத் தூக்கி எறிந்தார். பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பொடியாக வேண்டுவோர் கீழே உள்ள எண்ணை அழைக்கவும்.

வேலாயிக்கு வயது ஐம்பத்தேழு. அந்த நாற்பது நாளும் அவள் குடித்தது டின்பால் ஊற்றிய தேநீர். சர்க்கரை மாத்திரை அடுப்படி அலமாரியில் இருந்தது. வலது காலின் சுண்டுவிரலில் மூன்று வாரமாகப் புண். வியாழக்கிழமை டவுன் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று அங்கே தாதியாக இருக்கும் மிஸி ஷாரன் சொல்லியிருந்தாள்.

மகள் யோகேஸ்வரியை எழுப்பிப் படத்தைக் காட்டினாள்.

"எப்பம்மா எடுத்தாங்க?"

"போன வருஷம். பஸ்ல வந்த ஒருத்தன். கொழுந்து வெட்டுற கத்தரிய ஓரமா வைக்கச் சொன்னான். கையில கொழுந்து புடிக்கச் சொன்னான். பேரு கேட்டான், சொன்னேன்."

"கையால யாரும்மா இப்பக் கொழுந்து பறிக்கிறா?"

"படத்துக்குத்தான்னான்."

ஆறரைக்குப் பெரட்டு. கங்காணி காளிமுத்து எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். திங்கட்கிழமைகளில், வியாழன் கிளினிக் வேனுக்கான பட்டியலையும் வாசிப்பார். வேனில் எட்டு இடம். அன்று ஏழு பெயர் வாசித்தார். எட்டாவது பெயர்மேல் கோடு இருந்தது.

"எம் பேர ஏன் அடிச்சீங்க கங்காணி?"

"ஒனக்குத்தான் நல்லாயிருச்சே."

"எனக்கு நல்லாவல."

"மூணு எடத்துலேர்ந்து வந்துருக்கு வேலாயி. ஈப்போ, கிள்ளான், மெட்ராஸ். மூணு பேருமா பொய் சொல்லுவான்?"

"மூணுலயும் ஒரே பஸ்ஸு நிக்குது."

"அப்ப ஒத்துப்போவுதுல்ல?"

வேலாயி கிளினிக்கில் கொடுத்த பச்சைப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். போன மாதம் சர்க்கரை அளவு பதினேழு; பத்துக்குள் இருக்க வேண்டியது. எண்ணுக்குப் பக்கத்தில் கிளினிக் முத்திரை, சாப்பு, குத்தியிருந்தது.

"இது போன மாசம்," என்றார் காளிமுத்து. "அது இன்னிக்குக் காலைல. எது புதுசு, நீயே சொல்லு."

அவள் பூட்சைக் கழற்றினாள். கட்டைப் பிரித்துக் காலை நீட்டினாள். காளிமுத்து குனிந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"ஆறிக்கிட்டு வருது லா," என்றார். "எம்பத்திரெண்டு வயசுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

சாயங்காலம் யோகேஸ்வரி கோலா தெர்லாவில் காய்கறி கட்டும் வேலை முடிந்து வந்தாள். செய்தியை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள்.

"எழுதுனவன் பேரு இல்ல. எந்த ஆஸ்பத்திரில பாத்தாங்கன்னு இல்ல. தேதி இல்ல. பொடி விக்கிற நம்பரு மட்டும் தெளிவா இருக்கு."

நம்பரை அழைத்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். வேலாயி பாட்டி மூலிகைப் பொடி."

"நாந்தாங்க வேலாயி," என்றாள் வேலாயி.

"எந்த வேலாயிங்க?"

"படத்துல இருக்கறது."

"அம்மா, இப்ப நெறைய பேரு அப்படிச் சொல்லிக்கிட்டுப் போன் பண்றாங்க. போன்ல வர்ற எல்லாத்தையும் நம்பிடக் கூடாதும்மா. ஒரு தடவ சரிபாக்கணும். பாட்டி எங்ககிட்ட டெய்லி பேசுறாங்க."

"என்ன பேசுறேன்?"

"நல்லா இருக்கேன்னு சொல்றாங்க."

"எனக்குக் கால்ல புண்ணு."

"அதுக்கும் பொடி இருக்கும்மா."

செவ்வாய்க்கிழமை யோகேஸ்வரி அம்மாவை வாசலில் நிற்க வைத்து வீடியோ எடுத்தாள். வேலாயி இரண்டு முறை இருமினாள். பிறகு சொன்னாள்: "நான் வேலாயி. எனக்கு வயசு அம்பத்தேழு. இனிப்பு நீர் அப்படியேதான் இருக்கு. கால்ல புண்ணு இருக்கு. நான் எந்த எலையையும் குடிக்கல. யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க." பச்சைப் புத்தகத்தையும் காலையும் காட்டினாள். யோகேஸ்வரி அதை எஸ்டேட் குழுவில் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் வீடியோ கிள்ளானிலிருந்து திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு எழுத்து. எச்சரிக்கை! போலி வேலாயி. உண்மையான பாட்டிக்கு வயது 82. இவருக்கு அவ்வளவு வயதா? நீங்களே பாருங்கள்.

காளிமுத்து அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"பாத்து இரு லா வேலாயி," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஒம் பேரக் கெடுக்க ஒருத்தி கெளம்பிருக்கா."

அதற்குள் வீடுகளை ஒட்டிய மேடு மொட்டையாகிவிட்டது. விடியற்காலையில் எல்லா வீட்டிலும் அரைக்கும் சத்தம் கேட்டது. அது ஞாயிற்றுக்கிழமை பூச்சிக்கொல்லி அடித்த மேடு. யாரும் போகக் கூடாது என்று நட்ட சிவப்புக் கொடி இன்னும் நின்றது. கொடியைச் சுற்றியும் கொழுந்து இல்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு வேன் வந்தது. ஓட்டுநர் லியோனார்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஏழு பெயரையும் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. பட்டியலில் இருந்த புனிதன் மட்டும் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து, இலை குடிக்கத் தனக்கு இன்னும் முப்பத்தேழு நாள்தான் பாக்கி என்று சொல்லிவிட்டு மூடினான்.

வேலாயி வேன் பக்கத்தில் நின்றாள்.

"ஒங்க பேரு இதுல இல்லக்கா."

"பேரு இருக்கறவங்க எங்க?"

லியோனார்ட் வீடுகளைப் பார்த்தான்.

"வெறும் வேன ஓட்டிட்டுப் போனா ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி கத்துவாரு," என்றான்.

"அப்ப என்னைய ஏத்திக்க."

அவன் யோசித்தான். அது சரியாகத்தான் பட்டது. பட்டியலின் கீழே எழுதிக்கொண்டான்: ஒருவர். குணமானவர்.

வேலாயி பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். எட்டுப் பேருக்கான இடத்தில் காலை நீட்டிக்கொள்ள முடிந்தது. காய்கறி லோரி ஒன்றின் பின்னால் வேன் மெதுவாக ஏறியது.

"எங்க வீட்டுலயும் ஊசிய நிறுத்தியாச்சுக்கா," என்றான் லியோனார்ட். "திங்கக்கெழமைலேர்ந்து ரீட்டாவுக்கு எலைதான். ஒங்க படத்தக் குளிர்பெட்டில ஒட்டி வச்சிருக்கா. மாதா படத்துக்குக் கீழ."

"ஒம் பொண்டாட்டிய ஊசி போடச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

"சொன்னேங்கா. ஒங்க வீடியோவயே காட்டுனேன். அதுதான் போலின்னு வந்துருச்சே."

"நாந்தானே லியோனார்ட் பின்னால ஒக்காந்துருக்கேன்."

லியோனார்ட் கண்ணாடியில் அவளை ஒரு முறை பார்த்தான். வளைவு வந்தது. சாலையைப் பார்த்தான்.

கிளினிக்கில் மிஸி ஷாரன் வேலாயியின் விரல் நுனியைக் குத்திச் சொட்டு எடுத்தாள். பத்தொன்பது புள்ளி இரண்டு. கட்டைப் பிரித்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் புண்ணைக் கழுவி, செத்த தோலை வெட்டி எடுத்தார். ஊசி எழுதிக் கொடுத்தார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டுருந்தா வெரல் போயிருக்கும் ஆண்ட்டி," என்றாள் ஷாரன். "இப்பத் தப்பிச்சிரும். ஆனா ஒரு நா விட்டு ஒரு நா வந்து கட்டு மாத்தணும். கட்டாயம்."

"வேன்ல ஏத்த மாட்டேங்கறாங்க மிஸி."

"ஏன்?"

"எனக்கு நல்லாயிருச்சாம்."

ஷாரன் எழுதுவதை நிறுத்தினாள்.

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேனாம்."

ஷாரன் பச்சைப் புத்தகத்தில் எண்ணை எழுதினாள். பெரிதாக எழுதச் சொன்னாள் வேலாயி. பெரிதாக எழுதினாள். இன்றைய தேதியை எழுதச் சொன்னாள். எழுதினாள். சாப்பைக் கொஞ்சம் அழுத்திக் குத்தச் சொன்னாள். ஷாரன் இரண்டு தடவை குத்தினாள்.

லியோனார்ட் வேன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வேலாயி ஏறவில்லை. புத்தகத்தை விரித்து அவன் கையில் கொடுத்தாள்.

"படி."

அவன் பெயரைப் படித்தான். அடையாள அட்டை எண்ணைப் படித்தான். தேதியைப் படித்து, தன் கைப்பேசியில் அதே தேதிதானா என்று பார்த்துக்கொண்டான். சாப்பைக் கட்டைவிரலால் தேய்த்தான். மை ஒட்டியது.

"இன்னிக்குத்தான்," என்றான்.

"இன்னிக்குத்தான்."

"பத்தொம்போதா?"

"பத்தொம்போது."

"அப்ப நீங்க சொன்னது நெசந்தாங்கா."

வேலாயிக்கு நான்கு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது. லியோனார்ட் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். மனைவியின் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடித்தது. அவன் கைப்பேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"ஒங்களுக்கே பத்தொம்போதுன்னா, ரீட்டாவ எலைய இன்னுங் கொஞ்சம் கூட அரைக்கச் சொல்லவாக்கா?"