பதிவாளர் வந்த காலை

அழைப்பு மணி விடாமல் அடித்தது. மகன் சுவரிலிருந்த நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தான்.

பதிவாளர் தடித்த பதிவேட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா. அப்பாவுக்கு இன்னொரு வீட்டில் பிறந்தவள். ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகளைப் படியெடுக்கும் வேலை.

"ஐயா, நீங்க வாங்க. நீ இங்கேயே நில்லு."

"அப்பாதான் தம்பி வரச் சொன்னார்."

"படுத்துக் கிடக்கிறவர் ஆயிரம் சொல்வார்."

அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், அவர்களுடைய பூட்டனார் பழைய வழக்கங்களை விட்டுவிட்டதாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். பதிவான கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் தானாக வரும். மற்றப் பிள்ளைக்கு, தகப்பன் பதிவாளர் முன்னால் ஒத்துக்கொண்டால்தான் உண்டு.

அந்தப் பெயரைக் காட்டித்தான் அவன் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். ஒவ்வொரு தலைமுறையின் கல்யாணப் பதிவையும் அக்காவே தேடிக் கொடுத்தாள். அப்பாவின் கல்யாணப் பதிவு நகலை மட்டும் ஒரு மாதமாக, "தேடுறேன் தம்பி" என்று இழுத்தடித்தாள்.

நேற்று அப்பா அவளோடு போனில் பேசியதை அவன் ஒட்டுக் கேட்டான். "பிள்ளைக்குப் பேர் குடுக்காமப் போனா என் கட்டை வேகாதும்மா."

மறுநாள் பதிவாளர் வரப்போவது அவளுக்குப் பெயர் எழுதத்தான் என்று அப்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் பாதி அவளுக்குப் போய்விடும். பதிவாளர் அலுவலகத்துப் பியூனைப் பிடித்து, அவர் முதலில் என்ன கேட்பார் என்று தெரிந்துகொண்டான். காலையில் ஒரு தாள் கிழிக்கவேண்டிய இடத்தில் மூன்றைக் கிழித்தான். செவ்வாய், வியாழனாயிற்று.

"ரெண்டு நாளா நினைவே இல்லாமக் கிடந்தீங்கப்பா."

அப்பா நம்பினார்.

பதிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுதுறதுக்கு முன்னாடி, புத்தி தெளிவா இருக்கான்னு நான் பார்க்கணும் பெரியவரே. இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

பதிவாளரின் பேனா நின்றது.

"வியாழன்தான். அதோ, பாருங்க." அப்பாவின் விரல் சுவரை நோக்கி நீண்டது. அங்கே ஆணி மட்டும் இருந்தது.

"அங்க ஒண்ணுமில்லையே."

அப்பா ஆணியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"இப்படித்தான் ஐயா. நேத்து என்னையே யாருன்னு கேட்டார்."

"டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டுச் சொல்லுங்க, வர்றேன்."

"ஐயா, எழுதிக்குங்க..." அப்பாவின் குரல் கட்டிலைத் தாண்டவில்லை. பதிவாளர் போய்விட்டார். அக்கா டாக்டரைக் கூப்பிட ஓடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஒரு செருப்பு கழன்று தெருவில் கிடந்தது.

"ஏன்டா?" என்றார் அப்பா.

"வெளியில பிறந்ததுக்கெல்லாம் பேரைத் தூக்கிக் குடுத்தா, முறையாப் பிறந்தவன் எங்கப்பா போறது?"

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அவன் தண்ணீர் கொடுத்தான். அது கடைவாயில் வழிந்தது. பதினொரு மணிக்கு இருமலும் நின்றது.

டாக்டரும் அக்காவும் வந்தபோது அவன் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். அக்கா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒரு காலில்தான் செருப்பு.

"முகத்தைப் பார்த்தாச்சில்ல, கிளம்பு. பேர் போச்சேன்னு இங்க உட்கார்ந்து அழாதே."

அவள் அழவில்லை. அப்பாவின் பாதத்தைப் போர்வைக்குள் தள்ளி மூடினாள்.

"எனக்கு நான் பிறந்த மறுநாளே எழுதிட்டார் தம்பி. ஊரைக் கூட்டி விருந்து போட்ட உங்கம்மா கல்யாணத்தைத்தான் பதிவு பண்ணாம விட்டுட்டார். இன்னிக்கு எழுத இருந்தது உன்னை."