ஒரு சமக்குறி

என் தம்பி கலீமுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பாலக்கரை வீட்டிலிருந்து ஆட்டோவில் டயாலிசிஸுக்குப் போய் வருவான். மாற்றுச் சிறுநீரகம் கேட்டு அந்த ஆஸ்பத்திரியிலேயே பதிந்து வைத்திருந்தோம். டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஸ்ரீரங்கம் ஜெபராஜுக்கும் அதே ரத்தப் பிரிவு. கலீமுக்குப் பின்னால் பதிந்தவர் அவர். அவருக்குக் கிடைத்துவிட்டது. இவனுக்குப் போனே வரவில்லை. கேட்டால், "இன்னும் பொருந்தலைங்க" என்று ஒரே பாட்டு.

என்னிடம் அந்தக் கதையெல்லாம் செல்லாது. அடுத்தவர் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நேரே போய் அவர்களுடைய கம்ப்யூட்டர் ஆள் சிவசங்கர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"என் தம்பி பேரை ஏன் தள்ளுதுன்னு பாருங்க. பார்க்காம எந்திரிக்க மாட்டேன்."

பார்த்தார். அடுத்தவர் உறுப்பை எதிர்க்கும் தன்மை கலீம் ரத்தத்தில் பூஜ்யம். அதைவிட நல்ல முடிவு கிடையாது. ஆனால் புரோகிராமில் ஒரு வரி: சோதனை முடிவு காலியாக இருந்தால், சோதனையே நடக்கவில்லை என்று அந்தப் பெயரைத் தாண்டிப் போ. அங்கே மூன்று சமக்குறி போட்டிருந்தால் பூஜ்யம் வேறு, காலி வேறு என்று பிரித்திருக்கும். இரண்டுதான் போட்டிருந்தார்கள். இரண்டு போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் மொழிக்குப் பூஜ்யமும் காலியும் ஒன்றுதான்.

"இத்தனை நாளும் இப்படியேதானாங்க?" என்றேன்.

சிவசங்கர் இன்னொரு சமக்குறியைத் தட்டினார். காத்திருப்பவர் பட்டியலில் கலீம் பெயர் முதலிடத்துக்கு வந்தது. யா அல்லாஹ், அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

மறுவாரம் ஆபரேஷனுக்கு உடம்பு தாங்குமா என்று பார்த்தார்கள். இத்தனை நாள் டயாலிசிஸில் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி முடியாது என்று பெயரையே எடுத்துவிட்டார்கள்.

கலீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ் போடுவேன், ஒருத்தனையும் விடமாட்டேன் என்று கத்தினேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப ஜெபராஜ் அண்ணனுக்கு வச்சது எனக்கு வந்திருக்க வேண்டியதா அக்கா?"

"ஆமாண்டா."

"அவருகிட்ட சொல்லிடாத."

அன்று சாயங்காலமே ஜெபராஜ் அவனைப் பார்க்க வந்தார். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவர் தண்ணீர் கேட்டார். சொம்பு நிறையக் கொடுத்தேன். அண்ணாந்து கடகடவென்று குடித்தார். டயாலிசிஸ்காரனுக்கு நாள் முழுக்கவே அவ்வளவு தண்ணீர் கிடையாது. நாக்கை நனைத்துக்கொண்டு காலம் தள்ளும் என் தம்பி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சொம்பைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

"போதுமாண்ணே?" என்றான் கலீம். பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன்.