சல்லடையில் நின்ற மண்

“சல்லடையைக் குடு” என்றார் என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம்.

“மாவு சலிக்க வேணாமா? ஏற்கெனவே நீங்க ஏறி உக்காந்து நெளிச்ச சல்லடை. ஓட்டை கீட்டை போட்டுறாதீங்க.”

“சல்லடைன்னாலே ஓட்டைதான்டி” என்று சிரித்தபடி அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார்.

திருச்சுழிப் பாதையில் இருக்கும் எங்கள் புஞ்சையில் பண்ணைக்குட்டை வெட்டியபோது முதுமக்கள் தாழிகள் தட்டுப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் செத்தவர்களை உட்காரவைத்துப் புதைத்த பெரும்பானைகள். உள்ளே கிடக்கும் சிவப்புக் கல்மணிகளுக்காக நாகராஜ் என்ற வியாபாரி வந்துபோய்க்கொண்டிருந்தான். மழை பொய்த்த வருடம். இவர் தாழிக்குள் இறங்கி, மண்ணை அள்ளிச் சலித்து, மணிகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

அன்று மதியம் குட்டைக் கரை சரிந்தது. என் கொழுந்தன் கருத்தப்பாண்டியும் அக்கம்பக்கத்துக்காரர்களும் தோண்டிப் பார்த்தபோது, உடைந்த தாழிக்குள் முழங்கால்களை மார்போடு அணைத்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கிணற்றுக் கரை சரிந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் கொண்டுவந்து கிடத்தினால் கால் நீளவில்லை. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டப் போனவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வழக்கத்தில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோவது. அவரை உட்காரவைத்தே கொண்டுபோனோம்.

கருமாதி முடிந்ததும் நாகராஜ் வந்தான்.

“அக்கா, வாய் மூடுன தாழி ஒண்ணு பாக்கி கெடக்கு. அண்ணன் அதை மட்டும் தொட விடல. உங்க புஞ்சை, நீங்க சரின்னா போதும்.”

“அவுக ஏன் தொட விடல?”

“கேட்டா கோவப்படுவாரு. அதுலதான் நெறைய இருக்கும்போல.”

கருத்தப்பாண்டி குறுக்கே பேசினான். “நான் எறங்குறேன் மதினி. அண்ணன் மாதிரி அசந்துற மாட்டேன்.”

அவனைப் பார்த்தேன். முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். கிழக்குப் பார்த்து.

“எந்திரிப்பா. மொதல்ல எந்திரி!” என்று கத்திவிட்டேன். நாகராஜ் பயந்து வெளியே போய் நின்றான்.

மறுநாள் பஸ் ஏறித் திருச்சுழி தாலுகா ஆபீசில் நடந்ததையெல்லாம் சொன்னேன். சரிந்தது கிணறு இல்லை என்பதையும் சொன்னேன்.

தொல்லியல் துறையிலிருந்து பிருந்தா என்ற பெண் ஆட்களோடு வந்தாள். கைபடாத தாழி ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். மெதுவாக மூடியை எடுத்தார்கள். மண் வாசம் வரவில்லை. சூடத்தின் வாசம் வந்தது.

உள்ளே மண்ணே இல்லை. மற்றத் தாழிகளின் எலும்புகள் எல்லாம் அதில் அடுக்கப்பட்டிருந்தன. மேலே மண்டை ஓடுகள், ஒன்றுவிடாமல் கிழக்குப் பார்த்து. நடுவில் சூடம் எரிந்த கரியோடு எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம். மணிகளை விற்றவருக்கு, எலும்புகளை வெயிலில் போட மனம் வரவில்லை.

பிருந்தா கிண்ணத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“மரியாதையாத்தான் வச்சிருக்காரும்மா. ஆனா எது எந்தத் தாழியில இருந்துச்சு, யார் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. இவங்க யாருன்னு கேக்குறதுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.”

நான் வீட்டுக்குப் போய்ச் சல்லடையை எடுத்து வந்தேன். அவரைத் தோண்டி எடுத்தபோது அவர் பக்கத்தில் கிடந்தது அது. அன்றைய மண் அப்படியே அதில் நின்றது. தட்டிவிட எனக்குக் கை வரவில்லை.

“இது அவுக உக்காந்திருந்த தாழி மண்ணு. வேற எதுவும் கலக்கல.”

அவள் அதைத் தூரிகையால் ஒரு பைக்குள் தள்ளினாள். மண்ணில் உமி இருந்தது; அந்தக் காலத்தில் தாழிக்குள் வைத்த நெல்லின் உமி என்றாள். பையின் மேல் அந்தத் தாழியின் எண்ணை எழுதினாள்.

இப்போது புஞ்சையைச் சுற்றிக் கம்பிவேலி. கருத்தப்பாண்டி பாளையம்பட்டியில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரச் சொல்கிறேன். ஏன் என்று அவன் கேட்பதில்லை.

சல்லடை திரும்பி வந்துவிட்டது. அவர் ஏறி உட்கார்ந்த நெளிசல் விளிம்பில் அப்படியே இருக்கிறது.