கருடன் வராத கும்பாபிஷேகம்

இடஒதுக்கீடு கேட்டு நாங்கள் ரோட்டை மறித்த வருஷம், தியாகதுருகம் ரோட்டில் அந்தப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவன் நான்தான். இருபத்தாறு வயசு, கையில் கோடாலி, பின்னால் நூறு பேர் கைதட்டல். சும்மா இருப்பேனா? கேட்டதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. கேட்காமல் யார் கொடுத்தார்கள்.

களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த குஞ்சம்மாள் நின்றாள். பக்கத்துத் தெருக்காரி. புருஷன் பாம்பு கடித்துச் செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"காசியண்ணே, இது கருடன் மரங்க. வருஷா வருஷம் இதுலதான் குஞ்சு பொரிக்குது. வேற மரமே இல்லியா?"

"உன் வேலயப் பாத்துக்கினு போ," என்றேன்.

மரம் விழுந்தது. உச்சியிலிருந்த கூடு சுள்ளி சுள்ளியாக ரோட்டில் சிதறியது. இரண்டு கருடனும் சாயங்காலம் வரை கத்திக்கொண்டே சுற்றின. அப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

அடுத்த தை மாதம் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். ஐயர் குடத்தோடு கோபுரத்தின் மேல் நின்றார். கருடன் வட்டமிட்டால்தான் கலசத்தில் நீர் ஊற்றுவது வழக்கம். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் காத்துக்கொண்டு ஊரே அண்ணாந்து நின்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று. வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

"தாலியறுத்தவ முன்னாடி வந்து நின்னா எப்படி வரும்?" என்றார் தர்மகர்த்தா சுப்புராயன். எல்லாரும் குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அந்த மரத்தை வெட்டியதால்தான் கருடன் வரவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீயே சொல் என்பதுபோல என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கருடனைத் தேடுகிறவன்போல வானத்தைப் பார்த்தேன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கருடன் வராமலே ஐயர் நீரை ஊற்றினார். மாசியில் கிணறுகள் வற்றின. அதற்கும் அவள் தலைதான் உருண்டது. வைகாசிக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, மில்லுக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனபோது அங்கே டீக்கடையில் அவளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும், குஞ்சம்மா. பயந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லியிருந்தா உங்கள இன்னா பண்ணியிருப்பாங்கண்ணே? ஆம்பள. ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போடான்னு வுட்டிருப்பாங்க."

ஆமாம். ஒரே ஒரு தேங்காய்.