கூடமாட ஒத்தாசை

தையல்கடை அக்கா தன் வாழ்நாளில் எழுதிய மிக நீளமான கடிதம் அதுதான். ஒல்லிக்காக எழுதியது. ஒல்லி என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். படிப்பதற்காகக் கடல் கடந்து வந்து, கடைக்கு மேலே உள்ள அறையில் இரண்டு வருடமாகக் குடியிருக்கும் பெண். படிப்பு முடிந்துவிட்டது. இனி இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். கிடைத்தால் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை காத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும்.

தெரிந்தவர் யாராவது நன்னடத்தைக்குச் சாட்சி எழுதலாம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அக்கா பேனாவைத் தூக்கிவிட்டார். எழுதி, ஒட்டி, தானே தபாலிலும் சேர்த்தார். ஒல்லியிடம் காட்டவில்லை. ஒருத்தியை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது அக்காவின் சித்தாந்தம்.

இன்று அனுமதி அலுவலகத்தில் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். தரையோடு திருகி வைத்த நாற்காலிகள், கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. அக்கா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கடிதம் நீங்க எழுதினதுதானே?" என்றார் அதிகாரி.

"நானேதாங்க. ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது."

"தினமும் சாயங்காலம் நாலு மணி நேரம் இவங்க கடையில நிப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க."

ஒல்லியின் தலை சட்டென்று திரும்பியது. அக்கா கவனிக்கவில்லை. பெருமை பேச ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

"நாலுன்னு குறைச்சுத்தாங்க எழுதினேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துல ஆறு மணி நேரம்கூட நிப்பா. அளவெடுப்பா, ஓரம் மடிச்சுக் குண்டூசி குத்தி வைப்பா, பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பா, இஸ்திரி போடுவா. ஒரு பைசா கையில வாங்கினதில்ல. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா."

"அக்கா, போதும்க்கா," என்றாள் ஒல்லி. அவள் குரலே சரியில்லை.

"நீ சும்மா இரு. உனக்கு உன்னைப் பத்திச் சொல்லிக்கத் தெரியாது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "படிக்கிறவங்க வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இவங்க அந்த இருபதையும் கல்லூரி நூலகத்துலயே பார்த்திருக்காங்க. உங்க கடை அதுக்கு மேல."

"அது வேலை இல்லீங்களே. சம்பளமே கிடையாதே."

"சம்பளம் இல்லாட்டியும் வேலை வேலைதாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி, இந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே குழி வெட்டியிருக்கிறார். இப்போது சாட்சிக்கு வந்து அந்தக் குழியை இன்னும் ஆழப்படுத்தியும் ஆயிற்று. ஆனால் அக்கா லேசில் விடுகிற ஆளில்லை.

"கொஞ்சம் கூட்டி எழுதிட்டேங்க. பாசத்துல வந்த வினை. உண்மையில இவ சுத்த சோம்பேறி. ஊசியில நூல் கோக்கக்கூட வராது."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. "கூடமாட ஒத்தாசை பண்றது வேற. குடும்பத்து ஆளு மாதிரி பழகுறவங்க அப்படிச் செய்யறதுதான். அதை நாங்க தப்பா எடுத்துக்கறதில்ல. சம்பளத்துக்கு ஒருத்தர் பார்க்க வேண்டிய வேலையை இவங்க பார்த்திருந்தாத்தான் அனுமதி கிடையாது. கடைசியா எழுதியிருக்கீங்க பாருங்க, இவ வந்த பிறகு எனக்கு வேற ஆளே தேவைப்படலைன்னு. முன்னாடி யாரு இருந்தாங்க?"

முன்பு இருந்தது காஜாக்காரம்மா. ஏழு வருடம். ஒல்லி வந்து கடைவேலை பழகிய மறுமாதமே, வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லி அக்கா அவரை நிறுத்திவிட்டார். அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக ஒல்லியிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அதைத் தானும் நம்பிவிட்டார். அந்த நிறுத்தத்தையும் இந்த ஒத்தாசையையும் சேர்த்துவைத்து அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அதை யோசிக்க வைத்தது முன்பின் தெரியாத ஓர் அதிகாரி.

"ஒரு அம்மா இருந்தாங்க," என்றார் அக்கா. "அவங்க அவங்களாத்தான்..."

"ஆமாங்க," என்று ஒல்லி முந்திக்கொண்டாள். அவள் முகத்துக்கு உயிர் திரும்பியிருந்தது. "அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குக் காஜா எடுக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான். அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு. நீங்களே கேட்டுக்கலாம்."

"நல்லதாப் போச்சு. சொல்லுங்க," என்று அதிகாரி மேசைத் தொலைபேசியை அருகே இழுத்தார்.

ஒல்லி கைப்பேசியைத் தடவி எண்ணைத் தேடினாள். அக்காவின் கை தானாக நீண்டு அதன்மேல் விழுந்தது.

"வேணாம். அவங்களாப் போகல. நான்தான் நிறுத்தினேன்."

அதிகாரி தொலைபேசியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விண்ணப்பத்தின் அடியில் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதுகிறார் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒல்லி அந்தத் தாளின் பக்கமே பார்க்கவில்லை. "எனக்காகவாக்கா அவங்கள நிறுத்தினீங்க?"

"இல்லடி," என்றார் அக்கா. "எனக்காக."